மூட்டுக்குள் உலோகம் இருந்தால் விமான நிலையச் சோதனையில் என்ன நடக்கும்?

கேள்வி (பெங்களூரு வாசகர் ஒருவர்): மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஜனவரியில் டெல்லியில் ஒரு கல்யாணம். விமானத்தில்தான் அழைத்துப் போக முடியும். டாக்டர் கொடுத்த கடிதத்தைக் காட்டினால் செக்யூரிட்டியில் விட்டுவிடுவார்களா? யாரோ சொன்னதைக் கேட்டு இப்போதே பயந்துபோய் இருக்கிறார்.

நவம்பர் 9, 2024

விட மாட்டார்கள். அதற்காகக் கடிதத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அது விலக்குச் சீட்டு இல்லை; பேச்சைத் தொடங்க உதவும், அவ்வளவுதான்.

நம் விமான நிலையங்களில் நடப்பது இது. முதலில் நிலைக்கதவு போல நிற்கும் மெட்டல் டிடெக்டர் வழியாக நடக்க வேண்டும். அது கத்தினாலும் சரி, கத்தாவிட்டாலும் சரி, அடுத்து ஒரு சின்ன மேடையில் ஏறிக் கையை விரித்து நிற்க வேண்டும். கைக்கருவியை உடம்பு நெடுக ஓட்டுவார்கள், கையாலும் தடவிப் பார்ப்பார்கள். பல நாடுகளில் அலாரம் அடித்தால்தான் கை வைப்பார்கள். இங்கே எல்லோருக்கும் உண்டு. அதனால் மூட்டு மாற்றியவருக்கென்று தனிச் சோதனை கிடையாது. எல்லோருக்கும் நடக்கும் அதே சோதனை அவருடைய முழங்காலில் வந்ததும் கொஞ்ச நேரம் நின்றுவிடும். பெண்களை, திரை போட்ட தடுப்புக்குள் பெண் காவலர்தான் பார்ப்பார்.

மாமியாரிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்: கருவி கத்தும், கத்தினால் குற்றம் ஒன்றும் இல்லை. மேடையில் ஏறுமுன்பே இரண்டு முழங்காலையும் தொட்டுக் காட்டி "ஆபரேஷன்" என்று சொல்லட்டும். அந்த ஒரு சொல் எல்லா மொழிக்காரருக்கும் புரியும். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் விமான நிறுவனத்திடம் 48 மணி நேரம் முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. நாற்காலியில் வருபவரைப் பெரும்பாலும் தனி வரிசையில் விடுவார்கள், உட்கார்ந்தபடியே பார்ப்பார்கள்.

நவம்பர் 9, இரவு

மதியம் எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு வலது முழங்காலில் மாற்று மூட்டு. ஊர் திருநெல்வேலி. நான் அல்சூரில் இருக்கிறேன். ஆபரேஷன் ஆனபிறகு முதல்முறை விமானத்தில் கூட்டி வந்தேன். எந்த நிலையம் என்று சொல்லப் போவதில்லை, அது எங்கே வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். கருவி முழங்காலில் கத்தியது. அந்தப் பெண் காவலர் மறுபடி ஓட்டினார். மறுபடி கத்தியது. அவர் இந்தியில் ஏதோ கேட்டார், அம்மாவுக்குப் புரியவில்லை. புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். திரையை முழுதாக இழுத்து மூடவில்லை. அடுத்த வரிசையில் நின்ற ஆண்கள் பக்கம் ஒரு முழம் இடைவெளி. அம்மா ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் திரையை இழுத்துப் பார்த்தார். எட்டவில்லை. தழும்பைப் பார்த்ததும் காவலர் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. யாரும் திட்டவில்லை, தள்ளவில்லை. உள்ளே போய் காபி வாங்கிக் கொடுத்தேன். தொடவே இல்லை. "ஏட்டி, இனிமே எனக்கு ரயில்லயே டிக்கெட் போடு" என்றார்.

அதிலிருந்து நாகர்கோயில் எக்ஸ்பிரஸ்தான். பெங்களூருக்கு அது பரவாயில்லை, ஒரு ராத்திரிப் பயணம். ஆனால் தம்பி இருப்பது டெல்லியில். திருக்குறள் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு அந்த முழங்காலோடு உட்கார்ந்து போக முடியாது. தம்பி மகளை அம்மா இன்னும் கையில் தூக்கவில்லை. வீடியோவில்தான் பார்க்கிறார்.

விட்டுப்போனது இதுதான்: உங்கள் மாமியாருக்கு முன்னால் வீட்டுப் பெண் ஒருவர் வரிசையில் நிற்கட்டும். தடுப்புக்குள் போனதும் "திரையை மூடுங்கள்" என்று கேட்கலாம், அது அவருடைய உரிமை. துணியை விலக்கச் சொன்னால் தனி அறையில் பார்க்கும்படி கேட்கலாம். அன்றைக்கு அம்மாவுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

நவம்பர் 11

"பாதுகாப்புக்காகத்தானே செய்கிறார்கள், ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ள முடியாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழர்கள் அப்படிச் சொல்லவும் முடியாது. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பையைப் பதிவு செய்த ஆள் விமானத்தில் ஏறவில்லை, பை மட்டும் நிலையத்தில் கிடந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் நடுவானில் குண்டு வெடித்து விழுந்தது. அங்கேயும் அதே கதைதான்: வான்கூவரில் பையைப் போட்டவர் விமானம் ஏறவில்லை. 329 பேர் போனார்கள். இன்றைக்கு ஒரு பயணி கடைசி நேரத்தில் வராவிட்டால் அவருடைய பையைத் தேடி இறக்கிய பிறகுதான் விமானம் கிளம்புகிறது. உள்ளே உட்கார்ந்து எரிச்சல்படும்போது எனக்கு மீனம்பாக்கம் நினைவுக்கு வரும், எரிச்சல் அடங்கிவிடும்.

1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஐசி 814 விமானம் கடத்தப்பட்டுக் காந்தஹாருக்குப் போனது. ஆயுதத்தோடு ஆட்கள் சோதனையைத் தாண்டி ஏறியிருந்தார்கள். அதுவரை விமான நிலையக் காவல் மாநிலப் போலீஸிடம் இருந்தது. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி ஒவ்வொன்றாக மத்திய தொழில் பாதுகாப்புப் படையிடம் போனது. போன மாதம் எத்தனை விமானங்களுக்குப் பொய் வெடிகுண்டு மிரட்டல் வந்தது என்று எல்லோரும் பார்த்தோம், நூற்றுக்கணக்கில். அந்த வேலையில் இருப்பவர்களின் மேல் இருக்கும் அழுத்தம் எனக்குப் புரிகிறது.

என் குறை ஒன்றே ஒன்றுதான். என்ன செய்யப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லாமல் செய்கிறார்கள். வரிசையில் நிற்கும் இடத்தில் திரவம், லைட்டர், பவர்பேங்க் பற்றிப் படம் போட்டுப் பலகை இருக்கிறது. மூட்டு மாற்றியவர், பேஸ்மேக்கர் வைத்தவர், செயற்கைக் கால் போட்டவர் எங்கே நிற்க வேண்டும், அவர்களுக்கு என்ன நடக்கும், அவர்கள் என்ன கேட்கலாம் என்று ஒரு பலகையும் நான் பார்த்ததில்லை. அந்தப் பலகை இருந்தால் பாதுகாப்பில் எள்ளளவும் குறையாது. அம்மாவும் திரையை மூடச் சொல்லிக் கேட்டிருப்பார்.

நவம்பர் 12

டிஜியாத்ரா போட்டுக்கொண்டால் சுலபம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். டிஜியாத்ரா 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கியது. முகத்தைக் காட்டி வாசல் கதவைத் தாண்டலாம், செக்யூரிட்டி பகுதியின் கதவைத் தாண்டலாம். அத்தோடு சரி. மேடையும் கைக்கருவியும் எல்லோருக்கும் ஒன்றுதான். அதுவும் ஸ்மார்ட்போனும் ஆதாரும் கைவசம் இருந்து, செயலியை இயக்கத் தெரிந்தவர்களுக்கு. விருப்பம் இருந்தால் போடலாம், கட்டாயம் இல்லை. மாமியாருக்கு அச்சடித்த போர்டிங் பாஸும் அடையாள அட்டையும் போதும்.

நவம்பர் 15

பெண்கள் வரிசையைப் பற்றி ஒரு வாசகி எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கும் கொட்டித் தீர்க்க வேண்டும்போல் இருக்கிறது.

ட்ரேயில் எல்லாவற்றையும் வைக்கச் சொல்கிறார்கள். போன், பர்ஸ், கைப்பை, லேப்டாப், வாட்ச். ட்ரே எக்ஸ்ரே பெட்டிக்குள் போய் ஒரு நிமிடத்தில் மறுபக்கம் வந்துவிடும். நாம் பெண்கள் வரிசையில் நிற்கிறோம். ஆண்களுக்கு நாலைந்து மேடை இருக்கும் இடத்தில் பெண்களுக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. தடுப்புக்குள் ஒருவர் போய் வர நேரமும் கூடுதல். நம்முடைய ட்ரே அந்தப் பக்கம் ரோலரில் கிடக்கிறது, அதற்குப் பின்னால் வந்தவர்களின் ட்ரேக்கள் அதை இடித்துத் தள்ளுகின்றன, ஆண்கள் பெல்ட் மாட்டிக்கொண்டே இரண்டு மூன்று ட்ரேயைத் தூக்கிப் போகிறார்கள். நாம் இந்தப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். கணவர், மகன் என்று யாராவது கூட வந்தால் அவர் முதலில் தாண்டி ட்ரேயைப் பார்த்துக்கொள்வார். தனியாக வரும் பெண்ணுக்கு யார்? நான் பெரும்பாலும் தனியாகத்தான் போகிறேன். தடுப்புக்குள் கையை விரித்து நிற்கும்போது என் மனசு முழுக்க வெளியே கிடக்கும் போனில் இருக்கும்.

கைக்குழந்தையோடு வரும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளுவண்டியை மடக்கி எக்ஸ்ரேயில் ஏற்ற வேண்டும். ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் தடுப்புக்குள் போன அந்தக் கொஞ்ச நேரம் குழந்தை அலறியது. உள்ளேயிருந்து "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

பெங்களூரு இரண்டாம் முனையத்தில் ட்ரே தானாக நகர்ந்து வந்து, காலியானதும் தானாகத் திரும்பும் ஏற்பாடு இருக்கிறது. பக்கம் பக்கமாக நின்று பலரும் ஒரே நேரத்தில் ட்ரேயை நிரப்பலாம். சந்தேகப்பட்ட பை தனிப் பாதையில் ஒதுங்கிவிடும். ஆண்களும் பெண்களும் சேர்ந்து நிற்கும் அந்த வரிசை நல்ல யோசனை. ஆனால் ட்ரே வேகமாகப் போய்ப் பெண்கள் தடுப்பு மெதுவாகவே நகர்ந்தால் இடைவெளி இன்னும் கூடும். இயந்திரம் வாங்கினால் போதாது, இன்னும் இரண்டு தடுப்பு போட்டு இரண்டு பெண் காவலரை நிறுத்த வேண்டும்.

நவம்பர் 16

நேற்றைய குறிப்புக்கு ஒட்டு. போன், பர்ஸ், வாட்ச் எதையும் ட்ரேயில் உதிரியாகப் போடாதீர்கள். கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிட்டு அந்தப் பையை வையுங்கள். போர்டிங் பாஸ் மட்டும் கையில் இருக்கட்டும். நமக்கு முன்னால் நிற்கும் பெண் மேடைக்குப் போகும்வரை ட்ரேயைத் தள்ளாமல் பிடித்துக்கொள்ளலாம். பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

தாலிக்கொடி, மெட்டி பற்றிக் கேட்டவருக்கு: கழற்ற வேண்டியதில்லை. என்னை யாரும் கழற்றச் சொன்னதில்லை. கனமான வளையல் அடுக்கினால் நேரம் ஆகும், கைப்பையில் போட்டுவிடுவது நல்லது.

நவம்பர் 20

கார்த்திகை பிறந்துவிட்டது, இருமுடி பற்றிக் கேள்வி வந்திருக்கிறது. தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக வழக்கமாக அனுமதி இல்லை. எண்ணெய்ச்சத்துதான் காரணம். கொப்பரையைத் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடிய பொருள் என்று விமானச் சரக்கு விதிகள் வகைப்படுத்தியிருக்கின்றன. ஆனால் இந்த முறை சபரிமலை போகிறவர்கள் இருமுடியில் உள்ள நெய்த்தேங்காயைக் கையோடு எடுத்துப் போகலாம் என்று போன மாதக் கடைசியில் அமைச்சகம் அறிவித்துவிட்டது. 2025 ஜனவரி 20 வரை. எக்ஸ்ரே, வெடிமருந்துத் துகள் சோதனை, கையால் பார்ப்பது மூன்றும் உண்டு. கட்டிய இருமுடியைப் பதிவுப் பையோடு தள்ளிவிட மனசு வராமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும். இந்த அறிவிப்பு பக்தர்களின் மனசைப் புரிந்துகொண்டு செய்தது. கேட்டால் விதி வளையும், முன்கூட்டியே சொல்லவும் முடியும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? தேங்காய்க்குச் செய்ததை முழங்காலுக்கும் செய்யலாமே என்றுதான் கேட்கிறேன்.

சமையல் சாமான் பற்றி வேகமாக: இடியாப்பக் குழல், தேங்காய்த் துருவி, அரிவாள்மணை எல்லாம் பதிவுப் பையில். ஊறுகாயும் நெய்யும் அதிலேயே. பவர்பேங்க் மட்டும் தலைகீழ், அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி சரக்கு அறையில் தீப்பிடித்தால் அணைக்க ஆள் இல்லை. அமெரிக்கா போகிறவர்கள் சாம்பார்ப் பொடியையும் பதிவுப் பையில் போடுங்கள், 2018இலிருந்து 350 மில்லிக்கு மேற்பட்ட பொடிக்கு அங்கே கைப்பையில் கெடுபிடி.

எக்ஸ்ரே திரைமுன் உட்காரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது எல்லோருக்கும் தெரிய வேண்டியது. திரையில் உலோகம் நீலமாகத் தெரியும். உணவு, துணி, காகிதம் போன்றவை ஆரஞ்சு. வெடிமருந்தும் அதே ஆரஞ்சு. அதனால்தான் ஒரு கிலோ அல்வாப் பொட்டலம் கெட்டியான ஆரஞ்சுக் கட்டியாகத் தெரிந்ததும் பையைத் திறக்கச் சொல்கிறார்கள். லேப்டாப்பை வெளியே எடுக்கச் சொல்வது அதன் பேட்டரியும் தகடுகளும் அடியில் இருப்பதை மறைத்துவிடும் என்பதால். ஒருவர் தொடர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் திரையைப் பார்க்கக் கூடாது, கண் மரத்துவிடும். இயந்திரமே இடையிடையே துப்பாக்கி, குண்டு போன்ற பொய்ப் படங்களைப் பைகளுக்குள் காட்டும். கவனிக்காமல் விட்டால் அது பதிவாகும். "ஒவ்வொரு பையும் எங்களுக்குப் பரீட்சைதான்" என்று எழுதியிருந்தார். இதைப் படித்தபிறகு பையைத் திறக்கச் சொன்னால் எனக்குக் கோபம் வராது. ஏன் என்று தெரிந்துவிட்டால் பாதி வலி குறைந்துவிடுகிறது.

நவம்பர் 24

மொழி. இதைத் தவிர்த்துவிட்டு அந்தத் தடுப்பைப் பற்றிப் பேச முடியாது.

2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில் கனிமொழி, இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று கேட்டபோது, "நீங்கள் இந்தியரா?" என்று மத்திய தொழில் பாதுகாப்புப் படையைச் சேர்ந்தவர் கேட்டதாக அவரே எழுதினார். படை விசாரணைக்கு உத்தரவிட்டது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு, அதுவும் சென்னையிலேயே அப்படி. திருநெல்வேலியிலிருந்து முதல்முறை விமானம் ஏறும் பெரியம்மாவுக்கு?

நான் யாரையும் தமிழ் கற்றுக்கொள் என்று கட்டாயப்படுத்தவில்லை. படையில் எல்லா மாநிலத்தாரும் இருக்கிறார்கள், இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பெங்களூரில் கன்னடக்காரப் பாட்டிகளும் இதே பாடுதான் படுகிறார்கள். தடுப்புக்குள் பேச வேண்டிய வாக்கியம் பத்துகூட இருக்காது. கையைத் தூக்குங்கள். திரும்புங்கள். இங்கே தொடப் போகிறேன். வலிக்கிறதா? அந்தந்த ஊர் மொழியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து, படத்தோடு, தடுப்பின் உள்பக்கம் ஒட்டிவிட்டால் காவலருக்கும் சுலபம். விரலால் காட்டினால் போதும்.

நவம்பர் 24, இரவு

அம்மாவிடம் இன்று போனில் கேட்டேன், அன்றைக்கு எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று. திரையைச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். "அவ என்ன கேட்டான்னே எனக்குத் தெரியலயேட்டி. நான் எதையோ மறைக்கேன்னு நெனச்சிருப்பா" என்றார். மதியம் எழுதியதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். திரைக்கு முன்னால் மொழிதான் வர வேண்டும்.

நவம்பர் 30

"அப்துல் கலாமையே சோதித்தார்கள், அவர் முகம் சுளிக்காமல் நின்றார், நாம் எம்மாத்திரம்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதற்கு ஆமாம் போட்டிருக்கிறீர்கள். நான் போட மாட்டேன்.

நடந்தது என்ன? 2009 ஏப்ரலில் டெல்லியில் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் ஆட்கள், விமானம் ஏறப்போன கலாமைச் சோதித்தார்கள். முன்னாள் குடியரசுத் தலைவர்கள் இங்கே சோதனை விலக்குப் பட்டியலில் இருப்பவர்கள். விஷயம் ஜூலையில் வெளியே வந்து நாடாளுமன்றத்தில் எதிரொலித்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கிலும் அவருடைய ஜாக்கெட்டையும் காலணியையும் வாங்கிப் பார்த்தார்கள். இரண்டையும் அவர் பெரிதுபடுத்தவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. அதைக் காட்டி மற்றவர்களை வாயை மூடச் சொல்வது சரியில்லை. அவருக்காக ஒரு நாடே கேட்டது. முழங்கால் வலியோடு நிற்கும் கிழவிக்காக யார் கேட்பது?

விலக்குப் பட்டியல் நீளமானது. சோனியா காந்தியின் மருமகன் ராபர்ட் வாத்ராவின் பெயர்கூட அதில் தனியாக இருந்து, 2015இல் எடுக்கப்பட்டது. பதவிக்காக விலக்கு தர விதியில் இடம் இருக்கிறது. நான் விலக்குக்கூடக் கேட்கவில்லை. மரியாதையாகச் சோதியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

டிசம்பர் 3

இன்று உலக மாற்றுத்திறனாளிகள் நாள். நடனக் கலைஞர் சுதா சந்திரனைப் பற்றி எழுதத் தோன்றியது. சிறுவயதில் விபத்தில் காலை இழந்து, செயற்கைக் காலோடு மேடைக்குத் திரும்பியவர். 2021 அக்டோபரில் ஒரு வீடியோ போட்டார். விமான நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள், துகள் சோதனை செய்யுங்கள் என்று கேட்டாலும் கேட்பதில்லை என்று பிரதமரிடம் முறையிட்டார். மூத்த குடிமக்களுக்கு இருப்பதுபோல ஓர் அட்டை கொடுங்கள் என்றார். படை மன்னிப்புக் கேட்டது. அந்த டிசம்பரிலேயே, விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட மாற்றுத்திறனாளி ஜீஜா கோஷ் போட்ட வழக்கின் தொடர்ச்சியாக, செயற்கை உறுப்பு வைத்தவர்களை அதைக் கழற்றச் சொல்லக் கூடாது, மனித கண்ணியம் காக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

துகள் சோதனை என்றால் ஒரு சின்னத் துணிப்பட்டையால் துடைத்து இயந்திரத்தில் வைப்பதுதான். சில விநாடியில் தெரிந்துவிடும். அந்த இயந்திரம் பெரிய நிலையங்களில் பக்கத்து மேஜையிலேயே இருக்கிறது. லேப்டாப் பையைத் துடைக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்கும்போது காலைக் கழற்றச் சொல்வானேன்? நீதிமன்றம் சொன்னது மேஜைக்கு வந்து சேர வேண்டும்.

டிசம்பர் 10

முழு உடல் ஸ்கேனர் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன். எனக்கு அது பிடிக்காது, உடம்பைப் படம் பிடிக்கும் இயந்திரம் என்ற எண்ணம்தான். படித்துப் பார்த்தபிறகு மனசு மாறிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் முதலில் வைத்த ஒரு வகை, எக்ஸ்ரே கதிரால் உடம்பின் வடிவத்தையே காட்டியது. எதிர்ப்பு வந்து 2013இல் எடுத்துவிட்டார்கள். இப்போது பேசப்படும் மில்லிமீட்டர் அலை ஸ்கேனர் வேறு. திரையில் எல்லோருக்கும் ஒரே பொம்மை உருவம், சந்தேகமான இடத்தில் ஒரு கட்டம், அவ்வளவுதான். முக்கியமான விஷயம்: அந்த அலை தோலுக்குள் போகாது. அதனால் உள்ளே இருக்கும் மூட்டு அதற்குத் தெரியாது. அம்மா அதில் நின்றால் எதுவும் கத்தாது!

2019இல் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 84 விமான நிலையங்களில் ஓராண்டுக்குள் இதை வைக்கச் சொன்னது. கொரோனா குறுக்கே வந்தது, இன்னும் எல்லா இடத்துக்கும் வந்து சேரவில்லை.

டிசம்பர் 11

நேற்றைய உற்சாகத்தில் புடவையை மறந்துவிட்டேனே என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. அடுக்கடுக்காக மடிந்த துணியில் இந்த ஸ்கேனருக்குப் பொய் அலாரம் அதிகம். கொசுவம், முந்தானை இரண்டிலும் கட்டம் விழும். கட்டம் விழுந்தால் அங்கே கை வைப்பார்கள். முழங்காலிலிருந்து இடுப்புக்கு வந்த கதை. சுடிதாரில் போவது ஒரு வழி. ஆனால் அறுபது வருஷமாகப் புடவை கட்டியவரை இயந்திரத்துக்காக உடையை மாற்றச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. இயந்திரத்தை வாங்குமுன் நம் ஊர்ப் புடவையில், வேட்டியில் நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். ஆனாலும் மூட்டு மாற்றியவர்களுக்கு அது வரட்டும் என்றே சொல்வேன்.

டிசம்பர் 22

கேள்வி கேட்ட வாசகருக்கு, நேரக் கணக்கு. 2022 டிசம்பரில் டெல்லி மூன்றாம் முனையத்தில் கூட்டம் தாங்காமல் அமைச்சரே நேரில் போய்ப் பார்த்தார். மூன்றரை மணி நேரம் முன்னதாக வரச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எக்ஸ்ரே வரிசைகளைக் கூட்டினார்கள். இருந்தாலும் டெல்லியிலிருந்து திரும்பும்போது இரண்டரை மணி நேரமாவது கையில் இருக்கட்டும். பெங்களூரில் முனையம் ஒன்றா இரண்டா என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வாயு வஜ்ரா பஸ்ஸில் போனாலும் காரில் போனாலும் ஹெப்பாள் மேம்பாலத்தைத் தாண்டுவதற்கு ஒரு தனி நேரம் ஒதுக்குங்கள். வயதானவரை ஓட வைத்தால் சோதனை மேடையில் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் பயம் இரட்டிப்பாகும்.

பேஸ்மேக்கர் பற்றிக் கேட்டவருக்கு: கைக்கருவியை நெஞ்சுக்கு மேல் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அட்டையைக் காட்டுங்கள், கையால் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜனவரி 13, 2025

மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று வாசகரின் மனைவி எழுதியிருக்கிறார். சக்கர நாற்காலியில் தனி வரிசை. மகள் முன்னால் போய்க் காவலரிடம் முழங்காலைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். அவர் திரையை முழுதாக இழுத்துவிட்டு, புடவையின் மேலேயே கையை வைத்துப் பார்த்துவிட்டு, அம்மா போங்கள் என்று அனுப்பிவிட்டாராம். புடவையைத் தூக்கச் சொல்லவில்லை. ஆக, இப்படியும் செய்ய முடிகிறது. அதே விதி, அதே கருவி. அந்தக் காவலருக்கு என் வணக்கம். எல்லா மேடையிலும் இதையே பழக்கமாக்க வேண்டும். வாசகரின் மனைவி அவரைப் பாராட்டி, விமானப் பயணிகள் புகார் சொல்லும் அரசின் ஏர்சேவா தளத்தில் எழுதப் போகிறாராம். புகாருக்கு மட்டும் இல்லாமல் இதற்கும் அதைப் பயன்படுத்துங்கள்.

ஜனவரி 14

அவர்கள் திரும்பி வருவது 24ஆம் தேதி என்று இப்போதுதான் பார்த்தேன். குடியரசு நாளை ஒட்டி டெல்லியில் இரண்டாவது சோதனை இருக்கும். விமானத்தில் ஏறும் வாசலிலோ ஏணிக்குப் பக்கத்திலோ மறுபடியும் கைப்பையைப் பார்ப்பார்கள், உடம்பையும் தடவிப் பார்க்கலாம். அங்கே திரைத் தடுப்பு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் மாமியாரிடம் இதையும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அணிவகுப்பு ஒத்திகைக்காக அந்த வாரம் காலையில் சில மணி நேரம் டெல்லி வான்வெளியை மூடுவதும் வழக்கம். உங்கள் விமானம் முற்பகல் என்றால் நிறுவனத்திடம் நேரத்தை மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியைத் திரும்பும் டிக்கெட்டுக்குத் தனியாகப் பதிவு செய்தீர்களா? போகும் டிக்கெட்டில் போட்டது தானாக வராது.